சைட் வரலன்னா, என்னடே வருது? டெவ்ஆப்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, சைட் வரலண்ணே" என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் போட்டால், மறுமுனையில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி "வரலன்னா என்னடே வருது?" என்பதுதான். வெள்ளைப் பக்கமா? 502 என்று எழுதியிருக்கிறதா? சுற்றிக்கொண்டே இருக்கிறதா? தட்டிய உடனே மறுக்கிறதா? நாலுக்கும் காரணம் வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் டெவ்ஆப்ஸ் வேலையில், அதாவது எழுதிய மென்பொருளைச் சர்வரில் ஏற்றி ஒழுங்காக ஓட வைக்கும் வேலையில், பாதி தெரிந்த மாதிரி.

திருநெல்வேலிப் பக்கம் படித்துவிட்டுக் கங்கைகொண்டான் ஐடி பூங்காவுக்கோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கோ, இல்லை சென்னை, பெங்களூருக்கோ இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களிடம் பயிற்சி மையங்கள் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுகின்றன: லினக்ஸ், கிட், ஜென்கின்ஸ், டாக்கர், குபர்நெட்டிஸ், டெராஃபார்ம். பட்டியலில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நிறுவி, 'ஹலோ வேர்ல்ட்' வந்ததும் அடுத்ததற்குத் தாவினால் எதுவும் கையில் நிற்காது. நேர்முகத் தேர்வில் "டாக்கர் என்றால் என்ன?" என்பதற்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். "கன்டெய்னர் ஏறியதும் செத்துவிடுகிறது, என்ன செய்வாய்?" என்று கேட்டால்தான் ஆள் யார் என்று தெரியும். அதனால் இங்கே கோளாறிலிருந்து தொடங்கி அடிப்படைக்குப் போகிறோம்.

பயிற்சிக்கு ஒரு சின்ன ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகாராஜநகர் உழவர் சந்தையின் அன்றைய காய்கறி விலையைக் காட்டும் ஒரு பக்கம். பைத்தானில் ஃபிளாஸ்க் (பக்கத்தைத் தயாரிக்கும் ஆப்), பின்னால் போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்), இரண்டும் டாக்கர் கன்டெய்னரில். கன்டெய்னர் என்பது ஆப்பையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்து அடைத்த பெட்டி, இமேஜ் என்பது அந்தப் பெட்டியின் அச்சு. முன்னால் என்ஜின்எக்ஸ், அதாவது வருகிற கேள்வியை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் வெப்சர்வர். எல்லாம் 1 ஜிபி மெமரி உள்ள உபுண்டு கிளவுட் மெஷின் ஒன்றில். கோட் கிட்ஹப்பில் இருக்கிறது, புஷ் செய்தால் பைப்லைன் (கட்டி ஏற்றும் தானியங்கி வரிசை) ஓடி சர்வரில் ஏற்றும். கட்டளைகளைப் போனில் சொல்லுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், மைனஸ் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். 'மைனஸ் மைனஸ்' என்றால் இரண்டையும் ஒட்டித் தட்டுங்கள்.

## சர்வருக்குள் நுழையவே முடியவில்லை

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் கட்டளை தட்டியதும் என்ன சொல்லித் தோற்கிறது என்று பாருங்கள்.

கர்சர் ரொம்ப நேரம் சும்மா நின்றுவிட்டுக் கடைசியில் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்றால், நீங்கள் அனுப்பியது மெஷினைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறது. ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) என்றால் செக்யூரிட்டி குரூப்பில், அதாவது அதன் ஃபயர்வால் விதிகளில், எஸ்எஸ்ஹெச்சின் கதவு எண்ணான 22ஆம் போர்ட் உங்கள் ஐபிக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அடிக்கடி நடப்பது இது: நேற்று காலேஜ் வைஃபையில் உட்கார்ந்து 'மை ஐபி' என்று விதி போட்டிருப்பார்கள், இன்று வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பார்கள். ஐபி மாறிவிட்டது, விதி பழைய ஐபிக்கே நிற்கிறது. எரிச்சலில் அந்த விதியை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காதீர்கள். அப்படித் திறந்த மெஷினின் லாகைக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எந்தெந்த நாட்டிலிருந்தோ 'ரூட்', 'அட்மின்' என்று பெயர் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. காசு மிச்சமாகட்டும் என்று ராத்திரி மெஷினை நிறுத்திவிட்டுக் காலையில் கிளப்பினால் அதன் பொது ஐபி மாறியிருக்கும். ரீபூட் செய்தால் மாறாது, ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால்தான் மாறும். மாறக் கூடாது என்றால் எலாஸ்டிக் ஐபி எடுத்து மாட்ட வேண்டும்.

தட்டிய உடனே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் அது உண்மையில் நல்ல செய்தி. மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. மெஷின் இன்னும் எழுந்து முடிக்கவில்லையா, எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் நின்றுவிட்டதா, போர்ட் எண்ணைத் தப்பாகக் கொடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் வழியில் கோளாறு, 'ரெஃப்யூஸ்டு' என்றால் வீட்டில் ஆள் இல்லை. இது எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டுமல்ல. டேட்டாபேஸ், வெப்சர்வர், குபர்நெட்டிஸ் என்று எங்கே போனாலும் இதே அர்த்தம்தான்.

மூன்றாவது, 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ'. இங்கே நெட்வொர்க் சரி, நீங்கள் யார் என்பதில்தான் தகராறு. முதலில் பயனர் பெயர். உபுண்டு இமேஜ் என்றால் 'உபுண்டு', அமேசான் லினக்ஸ் என்றால் 'இசி2 ஹைஃபன் யூசர்'. அதுவும் சரியென்றால் சாவிக் கோப்பு. அது மற்றவர்களும் படிக்கிற மாதிரி இருந்தால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே மாட்டேன் என்னும். 'சிஹெச்மோட் 400' போட்டு உங்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு: சாவி சி டிரைவில் இருந்தால் சிஹெச்மோட் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் எதுவும் மாறியிருக்காது. சாவியை லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு அங்கே போடுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்த்துத் தட்டினால் ஒவ்வொரு படியாக என்ன செய்கிறது என்று அதுவே சொல்லும்.

ஏடபிள்யூஎஸ் கன்சோலில் மெஷினையே காணோமா? பதறாதீர்கள். மேலே வலது மூலையில் ரீஜனைப் பாருங்கள். மெஷின் மும்பையில் இருக்கும், நீங்கள் வடக்கு வர்ஜீனியாவில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## கிட் தள்ள மாட்டேன் என்கிறது

கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் புஷ் செய்யும்போது 'ரிஜெக்டடு' என்று வந்து, உங்களிடம் இல்லாத வேலை அங்கே இருக்கிறது என்று சொன்னால், கூட வேலை செய்பவர் உங்களுக்கு முன்னால் தள்ளிவிட்டார் என்று அர்த்தம். 'கிட் புல் மைனஸ் மைனஸ் ரீபேஸ்' செய்து, மோதல் இருந்தால் தீர்த்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் கிளையில் 'ஃபோர்ஸ்' போடவே கூடாது. அவருடைய வேலை அழிந்து போய்விடும், அப்புறம் டீக்கடையில் யாரும் உங்களுக்கு வடை வாங்கித் தர மாட்டார்கள்.

கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தருகிறேன், ஏற்கவில்லை என்றால்: கிட்ஹப் 2021 ஆகஸ்டிலிருந்து கிட் வேலைகளுக்கு அக்கவுண்ட் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கன் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும். 100 எம்பிக்கு மேல் போன கோப்பையும் அது ஏற்காது.

கிளவுட் சாவியையோ டேட்டாபேஸ் கடவுச்சொல்லையோ கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) போட்டுத் தள்ளிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது தீர்வே அல்ல. வரலாற்றில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். பொது ரெப்போக்களில் (கோட் கிடங்குகளில்) சாவி தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் அலைகின்றன. முதல் வேலை அந்தச் சாவியை ரத்து செய்து புதிது எடுப்பது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

## என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை

இந்தத் துறை பிறந்ததே கிட்டத்தட்ட இந்த ஒரு வாக்கியத்தால்தான். எழுதுகிறவர் "என்னிடம் ஓடுகிறது" என்பார், சர்வரைப் பார்க்கிறவர் "என்னிடம் ஓடவில்லை" என்பார், நடுவில் மதில். 2009ல் பேட்ரிக் டெபோய்ஸ் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் நடத்திய டெவ்ஆப்ஸ்டேஸ் கூட்டத்திலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது. 2013ல் டாக்கர் வந்து, கோட் மட்டுமல்ல, அது ஓடும் சூழலையும் சேர்த்தே கட்டி அனுப்பலாம் என்றது. கருவி வந்தாலும் வாக்கியம் ஒழியவில்லை. காரணம், சூழலில் நாம் கவனிக்காத பொருட்கள் இருந்துகொண்டே இருக்கின்றன.

விண்டோஸிலிருந்து வருபவர்களை முதலில் பிடிப்பது வரி முடிவு. ஷெல் ஸ்கிரிப்டை நோட்பேடில் எழுதி ஏற்றினால் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று வரும், பேஷ் என்ற பெயருக்குப் பின்னால் தொப்பி மாதிரி ஒரு குறியும் எம் எழுத்தும் ஒட்டியிருக்கும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் லினக்ஸுக்கு வேண்டாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது. 'டாஸ்2யூனிக்ஸ்' அதை எடுத்துவிடும். திரும்ப வராமல் இருக்க ரெப்போவில் 'கிட்அட்ரிப்யூட்ஸ்' கோப்பு வைத்து வரி முடிவை எல்எஃப் (லினக்ஸ் வகை) என்று நிலைநிறுத்துங்கள்.

அடுத்தது பெரிய எழுத்து, சின்ன எழுத்து. கோட்டில் 'பிரைஸ்' என்பதைப் பெரிய பி போட்டு அழைத்து, கோப்பின் பெயரில் சின்ன பி வைத்திருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள்.

பிறகு என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ஆப்புக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்பு. லேப்டாப்பில் 'டாட் என்வ்' கோப்பில் டேட்டாபேஸ் முகவரி இருக்கிறது. கிட் அதை ஒதுக்கிவிட்டது, சரியாகத்தான் செய்தது. சர்வரில் அதை யாரும் வைக்கவில்லை. கன்டெய்னருக்குள் போய் 'என்வ்' என்று தட்டினால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பளிச்சென்று தெரியும்.

புது ஆப்பிள் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கட்டிய இமேஜ் சர்வரில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். ஆப்பிள் சிப் ஆர்ம் வகை, சர்வர் இன்டெல் வகை. கட்டும்போதே எந்த வகைக்கு என்று பிளாட்ஃபார்ம் குறிப்பிட வேண்டும்.

## கன்டெய்னர் ஏறிய வேகத்தில் செத்துவிடுகிறது

'டாக்கர் பிஎஸ்' மட்டும் தட்டினால் ஓடுபவை மட்டும்தான் தெரியும். 'மைனஸ் ஏ' சேர்த்துத் தட்டுங்கள். செத்தவையும், சாகும்போது சொன்ன எண்ணும் வரும். அந்த எண்ணைத்தான் புதியவர்கள் கண்ணில் வாங்குவதில்லை.

0 என்றால் அது சாகவில்லை, வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. கன்டெய்னர் உயிரோடு இருப்பது அதன் முதல் புரோசஸ் (ஓடும் நிரல்) இருக்கும் வரைதான். ஆப்பைப் பின்னணியில் கிளப்பிவிட்டு ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டால் கன்டெய்னரும் முடிந்துவிடும். ஆப்பை முன்னணியிலேயே ஓட விடுங்கள்.

1 என்றால் பொதுவாக ஆப்பே பிழை சொல்லி நின்றிருக்கிறது. 'டாக்கர் லாக்ஸ்' பாருங்கள். பைத்தான் என்றால் அந்த நீண்ட அழுகையின் கடைசி வரியில் பிழை இருக்கும்.

127 என்றால் ஓடச் சொன்ன கட்டளையே இமேஜுக்குள் இல்லை, 126 என்றால் இருக்கிறது ஆனால் ஓட்ட அனுமதி இல்லை. இவை இரண்டும் பெரும்பாலும் எழுத்துப் பிழையும், 'சிஹெச்மோட் பிளஸ் எக்ஸ்' போட மறந்ததும்தான்.

137ல் கொஞ்சம் நிற்கலாம். 128க்கு மேல் வரும் எண்ணில் 128ஐக் கழித்தால் எந்த சிக்னல் கொன்றது என்று தெரிந்துவிடும். 137 என்றால் 9, அதாவது 'கில்'. ஆப் எதுவும் சொல்ல நேரமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் லாகில் ஒன்றும் இருக்காது, சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வரி அறுந்திருக்கும். 1 ஜிபி மெஷினில் போஸ்ட்கிரஸ், ஃபிளாஸ்க், கூடவே இமேஜ் கட்டும் வேலை எல்லாம் ஒன்றாக ஓடினால் மெமரி தீர்ந்து, லினக்ஸ் கெர்னலே பெரிதாகச் சாப்பிடும் புரோசஸ் ஒன்றைத் தேர்ந்து கொல்லும். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' வெளியீட்டில் 'ஊம்கில்டு' என்ற இடத்தில் 'ட்ரூ' இருக்கிறதா என்று பாருங்கள், 'டிமெஸ்ஜி'யிலும் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கும். ஸ்வாப் சேர்ப்பது, அதாவது டிஸ்கில் ஒரு பகுதியை மெமரி மாதிரி பயன்படுத்துவது, தற்காலிக மூச்சு. இமேஜைச் சர்வரில் கட்டாமல் பைப்லைனில் கட்டுவதுதான் சரியான வழி. ஒரு விஷயம்: 137 என்றாலே மெமரிதான் என்று முடிவு கட்டாதீர்கள். 'டாக்கர் ஸ்டாப்' முதலில் 15ஆம் சிக்னலை மரியாதையாக அனுப்பி, 10 விநாடி பார்த்துவிட்டு, கேட்காத கன்டெய்னரை 9 போட்டு வெட்டும். அப்போதும் 137தான். 15ஐக் கேட்டு ஒழுங்காக நின்றது என்றால் ஆப்பைப் பொறுத்து 143 அல்லது 0 வரும்.

## சைட் திறக்கவில்லை

தம்பி போன் போட்டது இதற்குத்தான். எந்தப் பிழை வந்தாலும் ஒரே முறை: பிரவுசரில் நின்று ஊகிப்பதை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு படியாக வாருங்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தாமிரபரணிக்காரர்கள் வயலில் நின்று புலம்ப மாட்டார்கள். அணைக்கட்டில் திறந்திருக்கிறதா, கால்வாயில் வருகிறதா, எந்த மடையில் நிற்கிறது என்று நடந்து பார்ப்பார்கள். நமக்கு அணைக்கட்டு ஆப், கால்வாய் டாக்கர் போர்ட், மடை என்ஜின்எக்ஸும் ஃபயர்வாலும்.

முதல் படி: 'டாக்கர் எக்ஸெக்' மூலம் கன்டெய்னருக்குள் போய், 'கர்ல்' (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளை) வைத்து, ஃபிளாஸ்க் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட் 5000ஐக் கேளுங்கள். சின்ன இமேஜ்களில் கர்ல் இருக்காது, பைத்தானிலேயே ஒரு வரியில் கேட்கலாம். பதில் வந்தால் ஆப் உயிரோடு இருக்கிறது.

இரண்டாம் படி: வெளியே வந்து, மெஷினில் நின்றபடி, டாக்கர் திறந்துவிட்ட போர்ட்டைக் கேளுங்கள், 8080 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பதில் வந்து இங்கே வரவில்லை என்றால் ஆப் எந்த முகவரியில் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபிளாஸ்க் தானாக 127.0.0.1ல் கேட்கும். கன்டெய்னருக்குள் அந்த முகவரிக்கு "இந்தக் கன்டெய்னருக்குள் மட்டும்" என்று பொருள். வெளியிலிருந்து வருகிற யாரையும் அது கண்டுகொள்ளாது. 0.0.0.0 என்று ஹோஸ்டை மாற்றினால் சரியாகும். இதே குழப்பத்தின் மறுபக்கம் டேட்டாபேஸில் வரும்: ஆப் கன்டெய்னரிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் 5432ஐ (போஸ்ட்கிரஸின் போர்ட்) கூப்பிட்டால் 'ரெஃப்யூஸ்டு'. லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னர்தான், போஸ்ட்கிரஸ் இருப்பது பக்கத்துக் கன்டெய்னரில். கம்போஸ் கோப்பில் (எந்தெந்தக் கன்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதும் டாக்கர் கோப்பு) அதற்கு என்ன பெயர் வைத்தீர்களோ அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும். இந்த ஒரு விஷயம் உள்ளே இறங்கிவிட்டால் கன்டெய்னர் நெட்வொர்க்கில் பெரிய பயம் இருக்காது.

மூன்றாம் படி: 80ஆம் போர்ட்டை மெஷினிலேயே கேளுங்கள். இப்போது பதில் சொல்வது என்ஜின்எக்ஸ். 502 வந்தால், என்ஜின்எக்ஸ் நன்றாக இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்துதான் சரியான பதில் வரவில்லை. என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறந்தால் 'அப்ஸ்ட்ரீம்' என்ற சொல்லோடு, எந்த முகவரியில் எந்தப் போர்ட்டை முயன்றது என்று தெளிவாக எழுதியிருக்கும். பாதி நேரம் அங்கே 8000 என்றும், நீங்கள் திறந்தது 8080 என்றும் இருக்கும். 504 என்றால் ஆப் போனை எடுத்துவிட்டது, பேசத்தான் இல்லை. என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடி பார்த்துவிட்டுக் கைவிடும். அந்த நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் எந்தக் கேள்வி டேட்டாபேஸில் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். தக்காளி படம் ஏற்றும்போது 413 வந்தால் கோப்பு பெரிது. என்ஜின்எக்ஸ் சொல்லாமலே 1 எம்பியோடு நிறுத்திக்கொள்ளும். கான்ஃபிக் மாற்றிய ஒவ்வொரு முறையும் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' தட்டிச் சோதித்துவிட்டுத்தான் ரீலோட்.

மெஷினுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் வரவில்லையா? இப்போதுதான் செக்யூரிட்டி குரூப்பையும் டொமைன் பெயரையும் பார்க்க வேண்டும். 80, 443 திறந்திருக்கிறதா? 'டிக்' தட்டினால் டொமைன் இன்றைய ஐபியைக் காட்டுகிறதா, ஸ்டாப்-ஸ்டார்ட்டுக்கு முந்தைய ஐபியையா?

இங்கே எதிர்ப்பக்கக் கோளாறு ஒன்றும் உண்டு. 'யூஎஃப்டபிள்யூ' (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) போட்டு 5432ஐ அடைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் டாக்கர் திறக்கும் போர்ட் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிக்கொண்டு போய்விடும். போஸ்ட்கிரஸுக்கு வெளிப் போர்ட்டே கொடுக்காதீர்கள், ஆப்புக்கு டாக்கர் திறக்கும் 8080க்கு முன்னால் 127.0.0.1ஐச் சேர்த்துக் கொடுங்கள் (கன்டெய்னருக்குள் ஃபிளாஸ்கின் ஹோஸ்ட் 0.0.0.0 ஆகவே இருக்கட்டும்).

## இடமில்லை என்கிறது

'டிஎஃப் மைனஸ் ஹெச்' எந்த டிஸ்க் நிரம்பியது என்று சொல்லும். 'டியூ மைனஸ் எஸ்ஹெச்' ஒவ்வொரு ஃபோல்டராக எடை போடும். டாக்கர் வைத்திருக்கும் சர்வரில் குற்றவாளி பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய இமேஜ்கள் என்றால் 'டாக்கர் இமேஜ் ப்ரூன் மைனஸ் ஏ' போதும், எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத இமேஜ்கள் போய்விடும். 'சிஸ்டம் ப்ரூன்' போடும்போது 'வால்யூம்ஸ்' என்பதைச் சேர்த்துவிடாதீர்கள், டேட்டா இருக்கும் வால்யூம் எது என்று தெரியாமல் அதைத் தொடக் கூடாது. இல்லையென்றால் கன்டெய்னர் லாக். டாக்கர் வழக்கமாக எழுதும் ஜேசன் லாகுக்கு வரம்பே இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் வரை வளரும். டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) அமைப்பில் 'மேக்ஸ் ஹைஃபன் சைஸ்' போட்டு வையுங்கள். ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர்களுக்கு அது பொருந்தாது, திரும்ப உருவாக்கினால்தான் பிடிக்கும்.

இரண்டு விசித்திரங்கள் உண்டு. பெரிய லாகை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோசஸ் இன்னும் விடவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். டிஸ்கில் இடம் இருந்தும் இல்லை என்கிறது என்றால் 'டிஎஃப் மைனஸ் ஐ' தட்டுங்கள். கோப்பு எண்ணிக்கைக்கும் ஓர் உச்சம் உண்டு, பொடிப்பொடிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் அது தீர்ந்துவிடும்.

## காலை 6 மணி வேலை 11:30க்கு ஓடுகிறது

விலைப்பட்டியலைக் காலை 6 மணிக்குப் புதுப்பிக்கச் சொல்லி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) எழுதியிருக்கிறீர்கள். சந்தையில் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, பதினொன்றரைக்குப் பக்கம் மாறுகிறது. கிளவுட் மெஷின்கள் வழக்கமாக யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 'டைம்டேட்சிடிஎல்' தட்டினால் தெரியும். நம் 6 மணிக்கு க்ரானில் எழுத வேண்டியது 0 மணி 30 நிமிடம். விடிகாலை 5:30க்கு முன்னால் என்றால் கிழமையும் மாறும்: நமக்குத் திங்கள் 5 மணி, சர்வருக்கு இன்னும் ஞாயிறு இரவு. சர்வர் நேரத்தையே இந்திய நேரமாக மாற்றலாமே என்று தோன்றும். ஒரே சர்வர் இருக்கும் வரை சரி. லாகுகளை நாலு இடத்திலிருந்து சேர்த்துப் பார்க்கும் நாள் வந்தால் யூடிசியே நிம்மதி என்பது என் கட்சி.

நேரம் சரி, ஆனால் ஓடவே இல்லை என்றால்: டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் க்ரானில் ஓடாததற்கு வழக்கமான காரணம் 'பாத்', அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல். க்ரானுக்குத் தெரிந்த ஃபோல்டர்கள் மிகக் கொஞ்சம். கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள், வெளியீட்டையும் பிழையையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் அது என்ன சொல்லி அழுதது என்று தெரியாமலே போய்விடும்.

## பைப்லைன் சிவப்பாகிவிட்டது

கடைசிச் சிவப்பு வரியைப் பார்க்காதீர்கள், முதல் சிவப்பைத் தேடுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு. நேற்று வரை பச்சை, கோட் மாறவில்லை, இன்று சிவப்பு என்றால் நீங்கள் தொடாத ஏதோ மாறியிருக்கிறது. 'லேட்டஸ்ட்' என்ற டேகை (இமேஜின் பதிப்புப் பெயர்) நம்பியிருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல். பைத்தான் இமேஜுக்கும் நூலகங்களுக்கும் பதிப்பு எண்ணைப் போட்டுப் பூட்டுங்கள்.

பச்சையாகி முடிந்தும் சைட்டில் பழையதே தெரிகிறது என்பது இதைவிட மோசம், ஏனென்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் புது இமேஜ் ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கு) ஏறியிருக்கும், சர்வர் அதைப் புல் செய்யாமல் பழைய இமேஜையே கிளப்பியிருக்கும். ஒவ்வொரு இமேஜுக்கும் கமிட் எண்ணையே டேகாக வையுங்கள், பக்கத்தின் அடியில் ஓரமாக அந்த எண்ணைக் காட்டவும் செய்யுங்கள். எது ஓடுகிறது என்ற சண்டையே வராது.

## சான்றிதழ் காலாவதி என்று பிரவுசர் பயமுறுத்துகிறது

லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சைட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான். புதுப்பிப்பது தானாக நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அதைப் புதுப்பிக்கும் கருவியின் 'செர்ட்பாட் ரென்யூ' கட்டளையை 'டிரை ரன்' (ஒத்திகை) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். யாரோ பாதுகாப்பு என்று 80ஐ மூடியிருப்பார்கள், வழக்கமான சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வரும். புதுச் சான்றிதழ் வந்தும் பழையதே தெரிந்தால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

## மாதக் கடைசியில் பில் வருகிறது

மெஷினை நிறுத்தினால் மெஷின் வாடகை நிற்கும். அதன் டிஸ்குக்கு வாடகை ஓடும். ஏடபிள்யூஎஸ்ஸில் 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரிக்கே, பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கு 0.005 டாலர் உண்டு. அக்கவுண்ட் திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். பயிற்சி முடிந்ததும் மெஷின், டிஸ்க், ஸ்னாப்ஷாட், எலாஸ்டிக் ஐபி நாலையும், எல்லா ரீஜனிலும் பார்த்து நீக்குங்கள்.

## குபர்நெட்டிஸில் பாட் எழவில்லை

குபர்நெட்டிஸ் என்பது பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் கருவி, பாட் என்பது அதில் கன்டெய்னர் ஓடும் கூடு. மேலே உள்ளதெல்லாம் கைக்கு வரும் முன் இதில் இறங்க வேண்டாம் என்பேன், ஆனால் நேர்முகத்தில் கேட்பார்கள். 'இமேஜ்புல்பேக்ஆஃப்' என்றால் இமேஜை இழுக்க முடியவில்லை: பெயர், டேக், ரெஜிஸ்ட்ரி அனுமதி மூன்றையும் பாருங்கள். 'கிராஷ்லூப்பேக்ஆஃப்' என்பது தனி நோயே அல்ல, செத்துச் செத்து எழும் கன்டெய்னர்தான். இடைவெளி 10 விநாடியில் தொடங்கி இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். 'லாக்ஸ்' கட்டளையோடு 'மைனஸ் மைனஸ் ப்ரீவியஸ்' சேர்த்தால் செத்ததன் லாக் வரும். அதற்குமேல் பழைய 137, 127 கதைதான். 'பெண்டிங்' என்றால் 'டிஸ்க்ரைப்' போட்டு அடியில் 'ஈவன்ட்ஸ்' பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் மெமரி போதவில்லை என்று எழுதியிருக்கும்.

## எதுவும் பொருந்தவில்லை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், பலிக்கவில்லை என்றால் திரும்பப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரி செய்தது என்று தெரியாது, சரியாகாவிட்டால் இன்னும் மோசம்.

அப்புறம் யாரிடமாவது கேளுங்கள். ஆனால் "அண்ணே, சைட் வரல" என்று கேட்காதீர்கள். இப்படி: "அண்ணே, காலை 9:10 வரை ஓடியது. 9:15க்குப் புது இமேஜ் ஏற்றினேன். அதிலிருந்து 502. கன்டெய்னருக்குள் 5000 பதில் சொல்கிறது, மெஷினிலிருந்து 8080 பதில் சொல்லவில்லை. பழைய இமேஜுக்குத் திரும்பினால் சரியாக இருக்கிறது. ஹோஸ்ட் 127.0.0.1 ஆகிவிட்டதோ என்று சந்தேகம், வேறு எங்கே பார்க்கலாம்?" இதை எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும், அனுப்பவே தேவைப்படாது. அனுப்பினால் லாகைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக ஒட்டுங்கள், அதற்குள் டோக்கனோ கடவுச்சொல்லோ கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு.